முதல் அரை விநாடி

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். கூட்டத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் சுவரோரமாக நடந்துகொண்டிருப்பாள். பிடித்து உட்கார வைத்தால் கால் ஆடும். காலை அடக்கினால் கையில் இருக்கும் பேனா ஆடும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "மேடம், உடம்புக்கு ஏதாவது...?" என்று இழுத்துக் கேட்டேவிட்டார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கறதுதான் ஓய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

வயது நாற்பத்திரண்டு. வயிற்றில் ஜெல் தடவி வைத்துப் பார்க்கிற ஸ்கேன் கருவியில், கையில் பிடிக்கும் பகுதிக்குப் புரோப் என்று பேர். அதற்குள் இருக்கும் சிப்பை வடிவமைப்பது அவள் வேலை. அதிலும் பாதிதான் அவளுடையது. ஒலியை உடம்புக்குள் அனுப்பும் பாதி வேறொருவர் பொறுப்பு. திரும்பி வரும் எதிரொலியை வாங்கிக்கொள்ளும் பாதி இவளுடையது. "அனுப்பறவருக்கு என்ன, கத்திட்டுப் போயிடலாம். காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவளுக்குத்தானே பாடு" என்பாள்.

பாடுதான். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்புகிற ஒலி குற்றுயிராகத்தான் வந்து சேரும். அதைத் தேற்றி எழுப்ப ஆம்ப்ளிஃபையர் வேண்டும். புரோப்பின் முகத்தில் நூற்றிருபத்தெட்டுக் காதுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும். ஒவ்வொன்றும் மின்சாரம் தின்னும். தின்றதெல்லாம் சூடாக மாறும். அந்தச் சூடு கடைசியில் யாரோ ஒருத்தியின் வயிற்றுத் தோலில் போய் இறங்கும். நாற்பத்தொரு டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பு. தாண்டினால் புரோப் தானாகவே அணைந்துவிடும். சரி, மின்சாரத்தைக் குறைத்துவிடலாம் என்றால், படத்தின் ஆழத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி இரைச்சல் ஏறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் ஆறு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்பு பதினொரு வருடம் காது கேட்கும் கருவிக்கான சிப் செய்தாள். பொத்தான் அளவு பேட்டரியில் ஒரு வாரம் ஓட்டியாக வேண்டிய வேலை அது. அங்கே ஒட்டிக்கொண்ட சிக்கனம் அவளை விட்டுப் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு உடம்பே எரியும்.

இந்த முறை செய்தது வயரே இல்லாத புரோப். பேட்டரி, சிப், ஆன்டெனா எல்லாம் உள்ளங்கையளவு கூட்டுக்குள் அடங்க வேண்டும். சூடு வெளியேற வழியே இல்லை. பழைய கணக்கில் போட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் அணைந்துபோகும். அப்போதுதான் அவள் ஒரு வேலை செய்தாள். ஸ்கேன் செய்பவர் படத்தை நிறுத்திவைக்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபையர்கள் எதற்கு விழித்திருக்க வேண்டும்? ஒன்றுவிடாமல் அத்தனையையும் அடித்துப் போட்ட மாதிரி தூங்க வைத்துவிட்டாள். சூடு முப்பத்தொன்பதரைக்கு இறங்கியது. மறுஆய்வுக் கூட்டத்தில் கை தட்டினார்கள். குழுத் தலைவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வருகிற வெள்ளிக்கிழமை வடிவமைப்பு தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

வேலை முடிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஒரே ஒரு நாள் லீவு போட்டுட்டு சும்மா இரேன்" என்றார் கணவர். அவர் நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். தண்ணீரில் மிதப்பது போலவே வீட்டிலும் மிதப்பார். எதற்கும் அவசரப்பட மாட்டார். அவர் பேச்சைக் கேட்டு அவள் திங்கட்கிழமை லீவு போட்டாள். பத்து மணிக்குள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, அலமாரியை இறக்கி ஏற்றி, பள்ளிக்கூடம் போன மகளின் மேஜையை அவள் திரும்பி வந்து சண்டை போடும் அளவுக்கு ஒழுங்குபடுத்திவிட்டாள். பத்தேகாலுக்கு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார், கணவரின் தங்கை, ஊரின் மறு கோடியில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். "வந்து பாக்கட்டுமா, நீ எப்படி எடுக்கறேன்னு?" என்று கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஆறு வருஷமாக் கூப்பிடறேன் அண்ணி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. ஆறு வருடமாக ஸ்கேன் கருவிக்குச் சிப் செய்கிறாள். மகள் வயிற்றில் இருந்தபோது அந்தக் கட்டிலில் படுத்ததோடு சரி. பக்கத்தில் நின்று ஒரு ஸ்கேனை முழுதாகப் பார்த்ததில்லை.

சின்ன அறை. திரையின் வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் இல்லை. கட்டிலில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பேருந்து ஓட்டுபவளாம். "இவங்க எங்க அண்ணி. இந்த மெஷினெல்லாம் செய்யறவங்க. நின்னு பாக்கலாமா?" என்று நாத்தனார் கேட்டதும், "தாராளமா. ஆனா அந்த ஜெல்லை மட்டும் கொஞ்சம் சூடு பண்ணித் தரச் சொல்லுங்க" என்றாள் அவள்.

குழந்தையின் இதயத்தில் நான்கு அறைகளும் தெரியும்படி ஒரு படம் வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். குழந்தையோ முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நாத்தனாரின் வலது கை புரோப்பை அழுத்திச் சாய்த்துக்கொண்டே இருந்தது. இடது கை ஃப்ரீஸ் பொத்தான் மேல். டக் என்று தட்டினால் படம் நிற்கும். அளப்பாள். டக் என்று மறுபடி தட்டினால் படம் ஓடும். டக், டக். பம்பரத்துக்கு எதையாவது எண்ணாமல் நிற்க முடியாது. விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். இருபத்தைந்து நிமிடத்தில் எழுபத்துநாலு தடவை.

"ஏன் இத்தனை தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டறே?"

"நிறுத்தினாத்தானே அளக்க முடியும்? அளந்தா உடனே விட்டுடணும் அண்ணி. அதுக்குள்ள அது எந்தப் பக்கம் திரும்புமோ, யார் கண்டா... இருங்க, இருங்க. இப்ப திரும்புது பாருங்க." டக். படம் ஓடியது, ஓடிய கணத்திலேயே திரையில் நாலு அறையும் பளிச்சென்று துடித்தது. டக். நின்றது. "மாட்டிக்கிச்சு!" என்றாள் நாத்தனார். அதற்குள் குழந்தை மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டதாம். "கண்ணை மூடித் திறக்கற நேரம்தான் குடுக்கும். அதுல பிடிச்சாத்தான் உண்டு."

பேருந்துக்காரி தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துச் சிரித்தாள். பம்பரம் சிரிக்கவில்லை. நிறுத்திய படத்தை மறுபடி ஓடவிடும் அந்த முதல் கணத்தில் தன் சிப் என்ன செய்யும்? அடித்துப் போட்டுத் தூங்க வைத்ததே, அது எழுந்து முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

"காபி சொல்லட்டுமா அண்ணி?"

"இன்னொரு நாள்."

"வந்த கால்லயே ஓடறீங்களே!"

லீவு நாளில் அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர்த் தொட்டி, அதில் குறுக்கே கட்டிய மெல்லிய கம்பிகள், மேலே மாதிரி புரோப். ஃப்ரீஸ் தட்டினாள். பத்து விநாடி விட்டு மறுபடி தட்டினாள். கண் முன்னாலேயே தெரிந்தது. திரையின் மேல்பாதி பாலைக் கொட்டிய மாதிரி வெளுத்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. அளந்தாள். பூஜ்ஜியம் புள்ளி ஆறு விநாடி. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் நீ இந்த அளவில் நில் என்று சொல்லிக்கொடுக்கும் சின்னச் சுற்று ஒன்று உண்டு. இரைச்சல் வராமலிருக்க அதை நிதானமான ஆளாக வடிவமைத்திருந்தாள். அதையும் சேர்த்துத் தூங்க வைத்ததில், அது ஆடி அசைந்து எழுந்து வர அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இத்தனை சோதனையிலும் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது வரி: "படம் நிலைபெற இரண்டு விநாடி காத்திருந்து பதிவு செய்யவும்." அந்த வரியை எழுதியது அவளேதான். எப்போது எழுதினாள், ஏன் எழுதினாள் என்பதுகூட ஞாபகம் இல்லை.

சாயங்காலம் நேராகக் குளத்துக்குப் போனாள். கடைசி வகுப்பு முடிந்து கணவர் மிதவைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. நான் வாயைத் திறக்கலேன்னா, வித்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் யாராவது கண்டுபிடிப்பாங்க. அப்பவும் பேட்டரி மேலதான் பழி விழும்."

"திறக்காம இருப்பியா?"

"என்னங்க கேள்வி இது?"

"அப்ப எதுக்கு நடக்கறே?"

"எப்படித் திறக்கறதுன்னு நடக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை முடிச்சுப் போட்டார். "நீ அசையாம இருந்து நான் பார்த்ததே இல்ல. கல்யாணப் போட்டோவுலகூட நீ மட்டும் கலங்கித்தான் விழுந்திருக்கே."

செவ்வாய்க்கிழமை காலையில் குழுத் தலைவரின் அறைக்குப் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை என்று மேலிடத்தில் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அரை விநாடி. அவ்வளவுதானேம்மா? ஸ்கேன் எடுக்கறவங்க அரை விநாடி பொறுக்க மாட்டாங்களா?"

"அவங்க பொறுப்பாங்க சார். வயித்துக்குள்ள இருக்கறது பொறுக்காது."

அவர் விரலை நீட்டினார். "இந்த வெள்ளியை விட்டா தொழிற்சாலையில அடுத்த இடம் ஏழு வாரம் கழிச்சுத்தான். ஏழு வாரம். சூடு நாப்பத்தொண்ணைத் தாண்டக் கூடாது. படத்துல மணல் விழக் கூடாது. முடியுமா?"

"தெரியல சார்."

"முடியும்னு சொல்லேன், என் திருப்திக்கு."

"தெரியாததை எப்படி சார் சொல்றது?"

அவர் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

குறைபாட்டைப் பதிவு செய்யும் படிவம் ஒன்று கணினியில் இருந்தது. தவறுக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்திலும் தன் பெயரையே போட்டாள். இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று கணினி சிவப்பில் முரண்டு பிடித்தது. நான்கு தடவை முயன்றாள். கடைசியில் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நின்றபடியே குனிந்து, பொறுப்பானவர் கட்டத்தில் தன் பெயரைத் தட்டிவிட்டு, "கையெழுத்துப் போட்டது நான்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

முதல் வைத்தியம் சுலபமாக வந்தது. மற்றதெல்லாம் தூங்கட்டும், அந்த நிதானச் சுற்று மட்டும் விழித்திருக்கட்டும். திரையில் பால் கொட்டுவது நின்றது. தட்டியதும் படம் வந்தது. ஆனால் அந்தச் சுற்று சானலுக்கு ஒன்று, அதாவது காதுக்கு ஒன்று வீதம் நூற்றிருபத்தெட்டு இருந்தது. சின்னச் சின்ன விளக்குகளாக அத்தனையும் ஓயாமல் எரிந்ததில் சூடு நாற்பத்திரண்டுக்கு ஏறிவிட்டது. ஆம்ப்ளிஃபையரின் தீனியைக் குறைத்தாள், மணல் விழுந்தது. கூட்டுக்குள் செம்புத் தகடு வைத்துப் பார்த்தாள், புரோப் கையில் கனத்தது. மூன்று வாரம் இப்படியே போயிற்று. வீட்டில் மகள் ஏதோ கேட்க, "நாப்பது புள்ளி ஒன்பது" என்று பதில் சொன்னாள். தான் கேட்டது கத்தரிக்கோல் எங்கே என்றுதான் என மகள் அப்பாவிடம் போய் முறையிட்டாள்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம். கை கழுவும் இடத்தில் அவளுக்குப் பக்கத்தில், அலுவலகத்தில் மௌனி என்று பெயரெடுத்தவர் நின்றிருந்தார். வந்த எதிரொலிகளைக் கூட்டிப் படமாக மாற்றும் நிரல் எழுதுபவர். அவளுக்கு இரண்டு மேஜை தள்ளி மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறார். வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் அன்றைக்கு மழைதான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "நூத்திருபத்தெட்டு. எவன் நூத்திருபத்தெட்டு வச்சான்?" என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஓரத்துல இருக்கறதை எல்லாம் நான் முதல்ல எடுத்துக்கறதே இல்லையே" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"தோலுக்குப் பக்கத்துல இருந்து வர எதிரொலிக்கு நடுவுல இருக்கற சில சானல் போதும். ஆழம் போகப் போகத்தான் ஓரத்துல இருக்கறதைச் சேர்த்துக்குவேன். அதுவரைக்கும் அது சொல்றதை எல்லாம் தூக்கிப் போட்டுடுவேன்."

அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப அந்த நேரம் முழுக்க அதுங்க சும்மாவா கூலி வாங்கிட்டு நிக்குது?"

"ஆமா."

"மூணு வருஷமா இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "நீங்க ஒரு இடத்துல நின்னாத்தானே யாராவது சொல்ல முடியும்."

அவள் ஆறு மாதத்துக்குப் போதுமான அளவு திட்டு வாங்கியது போல நின்றாள். பிறகு மௌனியின் மேஜைக்குத் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கால் ஆடத்தான் செய்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அவர் வரைந்து காட்டினார், அவள் கேட்டாள், மறுபடி கேட்டாள். ஒவ்வொரு முறை ஒலி உள்ளே போனதும் நடுச் சானல்கள் முதலில் விழிக்க வேண்டும். அடுத்த நொடித்துளியில் அவற்றின் இரு பக்கமும். ஒலி ஆழம் இறங்க இறங்க, விழிப்பு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவ வேண்டும். கணக்குப் போட்டதில் மின்சாரத்தில் கால் பங்கு மிச்சம்.

மிச்சமானது சும்மா வருமா? ஒவ்வொரு சானலும் விழிக்கும்போது பக்கத்துச் சானலைத் தட்டி எழுப்பிற்று. அந்தத் தட்டல் படத்தில் வளையம் வளையமாக விழுந்தது. குளத்தில் கல் போட்ட மாதிரி இருக்கிறதே என்று மௌனி சொன்னதும், அன்றைக்கு இரண்டாவது வாக்கியம் பேசிவிட்டார் என்று பக்கத்து மேஜையில் குறித்துக்கொண்டார்கள். வளையத்தைப் போக்க இருவருக்கும் இரண்டு வாரம் பிடித்தது. ஒவ்வொன்றையும் தேவைக்குச் சற்று முன்பே எழுப்பி, அதன் ஆட்டம் அடங்கிய பிறகே அதன் வாயைத் திறக்க விட்டார்கள். கணினிக் கணிப்பில் சூடு நாற்பது புள்ளி எட்டு. ஏழாவது வாரத்தின் புதன்கிழமை தலைவர் மறுபடி கையெழுத்துப் போட்டார். இந்த முறை கை தட்டல் இல்லை. சோதனைத் தாளின் மூன்றாவது வரியை அவள் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தாள்.

தொழிற்சாலையிலிருந்து சிப் வர நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தை வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். கணிப்பில் சரியாக வந்தது கையில் சரியாக வராமல் போகும் என்பது அவளுக்குத் தெரியும். எது போகும் என்பதுதான் தெரியாது. பட்டியல் போட்டாள். பட்டியலில் விட்டுப்போனவற்றுக்கு இன்னொரு பட்டியல் போட்டாள். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அவளைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினார்.

"மல்லாந்து படு. மிதக்கறதுக்கு ஒண்ணுமே செய்ய வேணாம்."

"அந்த ஒண்ணுமே செய்யாததுதாங்க எனக்கு வரல" என்று சொல்லி முடிப்பதற்குள் மூழ்கினாள். மூன்று முறை மூழ்கினாள். நாலாவது முறை கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, தொழிற்சாலைக்கு அனுப்பிய கோப்பில் ஒரு எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

சிப் வந்தது. முதல் நாளே தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து ஃப்ரீஸ் தட்டினாள், விட்டாள், தட்டினாள், விட்டாள். கம்பிகள் ஒவ்வொரு முறையும் கூர்மையாக வந்து நின்றன. சூடு நாற்பது புள்ளி ஒன்பதில் நின்றது. மௌனி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போனாள்.

ஏழு வாரத் தாமதத்துக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருடம் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு, ஒலியை அனுப்பும் பாதியைப் பார்ப்பவருக்குப் போயிற்று. அவள் அவருக்குக் கை கொடுத்து வாழ்த்தினாள். மனசு கசந்ததா என்றால், கசந்தது. மூன்று நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அனுமதிகள் எல்லாம் கிடைத்து, புரோப் சோதனை ஓட்டத்துக்காகச் சில மருத்துவமனைகளுக்குப் போனது. அதில் நாத்தனாருடையதும் ஒன்று. முதல் நாள் வேலை முடியும் நேரம் பார்த்துப் போன் போட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது அண்ணி?"

"படம். ஃப்ரீஸை விட்டதும் படம் எப்படி வந்துச்சு?"

"எப்பவும் வர மாதிரிதான். அதுல கவனிக்க என்ன இருக்கு?"

பம்பரம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். எட்டு மாதம், ஒரு பதவி, வீட்டின் நிம்மதி. இவளுக்குக் கவனிக்க ஒன்றும் இல்லையாம். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் சிரிப்பு வந்தது.

"ஆனா ஒண்ணு அண்ணி. வயர் இல்லாதது நல்லாத்தான் இருக்கு. ஆனா கையில ஜெல் பட்டுட்டா சோப்பு மாதிரி வழுக்குது. இன்னிக்கு ரெண்டு தடவை கீழ விழப் பார்த்துச்சு. அதைப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

"அது கூடு செய்யறவங்க வேலைடி. நான் சிப்புதான். என்னோடது இல்ல."

"சரி, சும்மா சொன்னேன். விடுங்க."

போனை வைத்தாள். உட்கார்ந்தாள். கால் ஆடியது. திரையில் அடுத்த சிப்பின் வரைபடம் திறந்திருந்தது. அதில் பார்வை நிற்கவில்லை. இருபது நிமிடம் கழித்து, கீழ்த்தளத்தில் கூடு வடிவமைப்பவரின் அறைக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். இரண்டு கையிலும் ஜெல் வழிந்தது.

"இந்தாங்க, கையை நீட்டுங்க" என்றாள் அவரிடம். "இதைப் பூசிக்கிட்டு உங்க புரோப்பை ஒரு நிமிஷம் பிடிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்."